ஒன்பது நாள் அஸர்

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் துரு வாடையும், சிமெண்டுத் தரையில் வரிசையாகக் குந்தியிருக்கும் இருபது சிறுமிகளின் நனைந்த பாவாடை ஓரங்களும், சரியாக மூடாத குழாய் ஒன்று சொட்டிக்கொண்டே இருக்கும் ஓசையும் சேர்ந்து நினைவில் வந்துவிட்டால் போதும், இன்றைக்கும் நான் எட்டாம் வகுப்புச் சிறுமியாகிவிடுவேன். இளமைக்காலம் என்றதும் மற்றவர்களுக்கு மாங்காயும் மழையும் ஞாபகத்துக்கு வருமாம். எனக்கு வருவது பொறாமை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை ஒளித்துவைத்து நல்லவள் வேஷம் போட எனக்குப் பொறுமை கிடையாது.

பாபநாசத்துக்குப் பக்கத்தில், ஒரு பாசன வாய்க்காலை ஒட்டி எங்கள் தெருவும், தெருக்கோடியில் பெண்பிள்ளைகள் ஓதும் மதரஸாவும் இருந்தன. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை வீட்டில் எறிந்துவிட்டு, தலையில் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு அங்கே ஓடுவோம். முதல் வேலை, தொட்டியில் வரிசையாக இருக்கும் குழாய்களில் 'ஒளு' செய்வது. தொழுகைக்கு முன்னால் முகம், முழங்கை வரை கைகள், கணுக்கால் வரை கால்கள் என்று முறைப்படி கழுவிக்கொள்ள வேண்டும். ஒளு சரியில்லை என்றால் தொழுகை 'கூடாது', அதாவது செல்லாது. பிறகு எல்லோரும் சேர்ந்து பிற்பகல் தொழுகையான அஸர் தொழுவோம். அதற்கப்புறம்தான் ஓதல்.

நாங்கள் எட்டாம் வகுப்புப் படித்த ஆண்டில் மதரஸாவுக்குப் புதிதாக ஓர் ஆலிமா, மார்க்கம் படித்த ஆசிரியை, வந்தார். நாகூர்க்காரர், கணவருக்கு எங்கள் ஊர்ப் பக்கம் வேலை. வயது இருபத்துமூன்றுக்கு மேல் இராது என்பதால் நாங்கள் 'ஆலிமாக்கா' என்றே கூப்பிட்டோம். அவருக்கு முன்னால் இருந்தவர் பிரம்போடு வருவார். ஆலிமாக்கா ஒரு பாயோடு வந்தார். பச்சைக் கரை போட்ட கோரைப்பாய், இரண்டு பேர் நெருங்கி உட்காரும் அளவு. அதற்கு நாங்கள் 'ரெண்டாள் பாய்' என்று பெயர் வைத்தோம். ஓதல் முடிந்து, மாலைத் தொழுகைக்குப் பாங்கு சொல்ல அரை மணி நேரம் இருக்கும்போது அதை மேற்கு ஜன்னல் ஓரம் விரித்து, எங்களில் ஒருத்தியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். கூப்பிடப்பட்டவள் மனதில் இருப்பதைச் சொல்லலாம். கணக்கு வரவில்லை என்பதிலிருந்து வீட்டில் அத்தாவும் அம்மாவும் பேசிக்கொள்வதில்லை என்பது வரை எதுவானாலும் ஆலிமாக்கா குறுக்கே பேசாமல், முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்பார். எங்கள் வீடுகளில் பிள்ளைகள் பேச்சை யாரும் அப்படிக் கேட்டதில்லை. முடிந்ததும் டப்பாவைத் திறந்து ஒரு பேரீச்சம்பழம் தருவார். "பாய்ல பேசுனது அமானிதம், எழுந்ததும் மறந்துடணும்" என்பது அவர் போட்ட விதி; அமானிதம் என்றால் நம்பி ஒப்படைத்தது. ஆகவே போனவள் கொட்டையை வாயில் உருட்டிக்கொண்டு, எதையும் சொல்லாமல், பெரிய மனுஷி கணக்காக வெளியே வருவாள்.

என்னை அவர் ஒருநாளும் கூப்பிடவில்லை. காரணம் எளியது, எனக்கு ஒரு குறையும் இல்லை. பாடம் பிசகாது, நேரம் தவறாது, அத்தா ஊரிலேயே கடை வைத்திருந்தார், அம்மாவுக்கு உடம்பு நன்றாக இருந்தது. நான் ஒப்பித்து முடித்தால் "மாஷா அல்லாஹ், அடுத்த ஆள்" என்பார் ஆலிமாக்கா. நன்றாக ஓதுகிறவளுக்கு ஒரு மாஷா அல்லாஹ், திக்குகிறவளுக்கு அரை மணி நேரமும் ஒரு பழமுமா? வீட்டில் வந்து பொருமினால் அம்மா முறத்திலிருந்து தலையைத் தூக்காமலே, "அழுத புள்ள பால் குடிக்கும், உனக்கென்னடி கொற?" என்பாள். சரி, அழுது பார்க்கலாம் என்று ஒருநாள் வேண்டுமென்றே ஓதலில் தடுமாறினேன். "சளி புடிச்சிருக்கா? வெந்நி குடி" என்றார் ஆலிமாக்கா. இன்னொரு நாள் அரை மணி தாமதமாகப் போனேன். அதற்கு அம்மாவிடம் அடிதான் கிடைத்தது. பொறாமை கூடாது என்று ஒரு பாடம் வந்தது. அதை ஒரு பிழையில்லாமல் ஒப்பித்துக் காட்டினேன், அதற்கும் மாஷா அல்லாஹ்தான்.

வாரத்துக்கு இரண்டு மூன்று முறை பாயில் உட்கார்ந்தவள் ரஹ்மத். என் வகுப்புக்காரி, என் எதிர்வீட்டுக்காரி, தொட்டியில் என் பக்கத்துக் குழாய்க்காரி. அவள் அத்தா குவைத்தில் இருந்தார். அந்த வருஷம் அவளுக்கு ஒரு விநோதமான சீக்கு வந்திருந்தது. ஒளு செய்து முடித்து எழுந்திருப்பாள், இரண்டு அடி வைப்பாள், நனைந்ததா என்று சந்தேகம் வந்துவிடும், திரும்பி வந்து முதலிலிருந்து தொடங்குவாள். மூன்று முறை கழுவ வேண்டிய முழங்கையை முப்பது முறை கழுவுவாள். "நனைஞ்சுதாடி? பாத்துச் சொல்லுடி" என்று என்னிடம் கையை நீட்டுவாள். நனைந்தது என்றால் ஒரு நிமிஷம் நம்புவாள். ஆற்றில் தண்ணீர் விட்டு, வாய்க்கால் நிரம்பி, மதரஸாச் சுவர் வரை நாற்றங்காலில் தண்ணீர் நின்ற காலத்தில் அது தொடங்கியது. ஊரே நனைந்து கிடந்தது, அவளுக்கு மட்டும் தன் முழங்கை நனைந்ததில் நம்பிக்கை வரவில்லை. கைத்தோல் வெடித்துப் பிளந்து, எழுதுகோல் பிடித்தால் ரத்தம் கசிந்தது. காலையில் வீட்டுக் குழாயடியிலேயே நேரம் போய்விடுவதால் பாதி நாள் பள்ளிக்கூடத்துக்கும் வருவதில்லை.

ஆலிமாக்கா அதற்குப் பெயர் சொன்னார்: 'வஸ்வாஸ்', மனதுக்குள் கிசுகிசுக்கும் சந்தேகம். ரஹ்மத்தின் அம்மாவுக்கு அந்தப் பெயரில் எல்லாம் சமாதானமில்லை. ஒருநாள் ஓதல் நேரத்தில் மாமி வந்து வாசலில் நின்றார். "புள்ளய எதுவோ புடிச்சிருக்கும்மா. பள்ளிக்கூடத்த நிறுத்திட்டு நாகூர் தர்காவுக்குப் பக்கத்துல நாப்பது நாளு ரூம் எடுத்துத் தங்கலாம்னு இருக்கேன். அவ அத்தாவும் சரின்னுட்டாரு" என்றார். நாற்பது நாள் போனால் முழுப்பரீட்சை போய்விடும், ஒரு வருஷம் போய்விடும். அந்தத் தெருவில் எட்டாவதில் நின்ற பெண் ஒன்பதாவதுக்குப் போனதாக அதுவரை சரித்திரமில்லை. ஆலிமாக்கா மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "நாகூர் எங்கயும் போயிடாது மாமி, எங்க வூடே அங்கதான் இருக்கு. எனக்குப் பத்து நாள் மட்டும் குடுங்க. பத்து நாள் அஸருக்கு அவ ஒரே ஒளுவோட எழுந்து வந்துட்டான்னா பள்ளிக்கூடம் போகட்டும். இல்லேன்னா நானே வந்து பஸ் ஏத்தி விடுறேன்."

அன்று சாயங்காலம் செருப்பு கழற்றும் இடத்தில் ஆலிமாக்கா என்னை நிறுத்தினார். கவனியுங்கள், செருப்பு கழற்றும் இடத்தில். பாய் விரிக்கவில்லை. "நீ அவ பக்கத்துக் குழாய். அவ மூணு தடவ கழுவுவா, 'போதும்'னு வாய்விட்டுச் சொல்லுவா, திரும்பிப் பாக்காம எழுந்து வருவா. உங்கிட்ட நனைஞ்சுதான்னு கேப்பா. நீ ஆமான்னும் சொல்லக்கூடாது, இல்லேன்னும் சொல்லக்கூடாது. ஒருத்தர் சொல்லி நம்புனா நாளைக்கும் ஒருத்தர் சொல்லணும். அவளா நம்பணும். உன்ன நம்பித்தான் இத சொல்றேன்" என்றார். தலையாட்டினேன். எட்டு மாதத்தில் அவர் என்னோடு தனியாகப் பேசிய முதல் பேச்சு, அதுவும் ரஹ்மத்தைப் பற்றியது.

முதல் மூன்று நாள் அவள் அழுதாள். "ஒரு வார்த்த சொல்லுடி, சாமத்துல தூக்கம் வரல" என்று கெஞ்சினாள். நான் வாயைத் திறக்கவில்லை, அந்தப் பெருமை எனக்கு உண்டு. அவள் கண்ணை இறுக மூடி "போதும்" என்று சொல்லி எழுந்து, நிலைப்படி வரை போய், அங்கேயே நின்று தேம்புவாள். ஆலிமாக்கா வந்து தலையில் கைவைத்து உள்ளே அழைத்துப் போவார். ஆறாம் நாள் தேம்பல் நின்றது. எட்டாம் நாள் எழுந்தவள், நிற்காமல் போனாள். தினமும் பாய் அவளுக்கே விரிக்கப்பட்டது; மற்றப் பெண்களுக்கும் கோபம்தான், ஆனால் அவர்கள் எல்லாம் ஒரு தடவையாவது அதில் உட்கார்ந்தவர்கள். ரஹ்மத் பேரீச்சம்பழத்தில் பாதியைக் கடித்து எனக்கு மீதி வைத்துக் கொண்டுவந்து தருவாள். நான் வாங்கி, அவள் போனதும் வாய்க்காலில் எறிந்துவிடுவேன்.

ஒன்பதாம் நாளும் அவள் ஒரே ஒளுவோடு வந்து தொழுதாள். ஆலிமாக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. எல்லோர் முன்னாலும், "நாளையோட பத்து நெறஞ்சா, ஆண்டு விழா மேடையில தொடக்கக் கிராஅத் ரஹ்மத்துதான் ஓதணும்" என்றார். அந்த மேடையில் இரண்டு வருஷமாகத் தொடக்கத்தில் குர்ஆன் ஓதி வந்தவள் நான். மூன்றாவது வருஷத்துக்காக ஆடி மாதத்திலிருந்தே வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று பழகிக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் சொல்வேன், அது ஆலிமாக்கா செய்த பிழை. பாய் அவளுக்கு, பழம் அவளுக்கு, என் மேடையும் அவளுக்கா? அன்று வீட்டுக்குப் போய் சோறு வேண்டாம் என்று படுத்துவிட்டேன். ஒருவர் பிழை செய்தார் என்பதால் அடுத்தவர் செய்தது நியாயமாகிவிடாது என்பதும் எனக்குத் தெரியும்.

பத்தாம் நாள். ரஹ்மத் முகம் கழுவினாள், கைகளைக் கழுவினாள், தலையைத் தடவினாள், கால்களைக் கழுவினாள். "போதும்" என்றாள். அன்று குரலில் நடுக்கமே இல்லை. குழாயை மூடிவிட்டு எழுந்தாள். அவள் முழங்கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். இரண்டு அடி வைத்திருப்பாள். நான் தலையைக் குனிந்து என் காலைக் கழுவிக்கொண்டே, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னேன். "முழங்கை நனையலையே."

அவள் நின்றாள். திரும்பி வந்து குந்தினாள், குழாயைத் திறந்தாள். நாங்கள் தொழுது முடித்தபோதும் குந்தியிருந்தாள். ஓதி முடித்தபோதும் குந்தியிருந்தாள். ஆலிமாக்கா பக்கத்தில் உட்கார்ந்து என்னென்னவோ சொல்லிப் பார்த்தார், காதில் ஏறவில்லை. தொட்டியில் தண்ணீர் தீர்ந்து குழாய் வெறும் காற்றைத் துப்பியது. யாரோ போய்ச் சொல்லி மாமி வந்தார். முழங்கைத் தோல் உரிந்திருந்ததைப் பார்த்ததும் மகளைத் தூக்கிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை அவர்கள் நாகூருக்குக் கிளம்பினார்கள். வாசலில் பெட்டி படுக்கை எல்லாம் இறங்கியிருந்தது. ரஹ்மத் தெருவைத் தாண்டி ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். அவள் கை முழுக்க மஞ்சள் மருந்து. "நீ மட்டும் சொல்லலேன்னா என் தொழுகை கூடாமப் போயிருக்கும்டி. எல்லாரும் சும்மா இருந்தாங்க, நீ ஒருத்திதான் உண்மையச் சொன்ன. நீதான் என் கூட்டாளி" என்றாள். யார் சொன்னது என்று ஆலிமாக்கா கேட்டும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லையாம், எனக்குத் திட்டு விழக்கூடாதாம். அவள் ஏறிய கார் தெரு திரும்பும்வரை நான் அங்கேயே நின்றேன்.

இதற்கப்புறமாவது பொறாமை அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை, அதுதான் கொடுமை. மதரஸாவுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஒவ்வொரு வெள்ளியும் ஆலிமாக்கா பஸ் ஏறி நாகூருக்குப் போய் ரஹ்மத்தைப் பார்த்துவிட்டு வந்தார். அந்த ரெண்டாள் பாயைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு போவார். செய்த பாவத்துக்கு அழுத அதே கண்ணால் நான் அந்தப் பாயையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆண்டு விழா வந்தது. மேடையில் நானே ஓதினேன், எல்லோரும் புகழ்ந்தார்கள், ஆலிமாக்கா ஒன்றும் சொல்லவில்லை.

அந்த வாரம்தான் ஜன்னல் ஓரம் பாயை விரித்து என் பெயரைச் சொன்னார். எத்தனை நாள் ஏங்கிய இடம்! போய் உட்கார்ந்தேன், பாய் சில்லென்று இருந்தது. "பத்தாம் நாளு என்ன நடந்துச்சு?" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. சொன்னேன், எல்லாவற்றையும், வாய்க்காலில் எறிந்த பழங்கள் வரைக்கும். அவர் குறுக்கே பேசவில்லை, முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். அப்படிக் கேட்கப்படுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. அழுதுகொண்டே, "நாகூருக்குப் போயி அவகிட்ட சொல்லிடவா அக்கா?" என்றேன்.

ஆலிமாக்கா சொன்னார். "இப்ப சொன்னா உன் மனசு லேசாயிடும். அவ இனிமே யார் சொல்றதையும் நம்ப மாட்டா, தன்னையும் நம்ப மாட்டா. நனைஞ்சுதான்னு அவ கேக்கறத என்னிக்கு விடுறாளோ, அன்னிக்கு நீயே போயி சொல்லணும். அதுவரைக்கும் நீ சொமக்கணும். இது உனக்கு அமானிதம்." பிறகு, தன் கையைப் பார்த்துக்கொண்டு, "உன்னயும் முன்னாடியே கூப்பிட்டிருக்கணும்" என்றார். பேரீச்சம்பழம் கொடுத்தார். அதைத் தின்ன முடியாமல் கையிலேயே பிசைந்து வீட்டுக்கு எடுத்துப்போனேன். அடுத்த வருஷம் அவர் கணவருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்து, பாயோடு போய்விட்டார்.

ரஹ்மத் நாற்பது நாள் முடிந்து வந்தாள், பரீட்சை போயிருந்தது. ஆலிமாக்கா ஊரைவிட்டுப் போவதற்குமுன் மாமியின் காலைப் பிடிக்காத குறையாகப் பேசி, அவளை எட்டாவதிலேயே மறுபடி உட்காரவைத்தார். எனக்கு ஒரு வகுப்பு கீழே படித்தாள், பத்தாவதோடு நிறுத்தினார்கள், கல்யாணமாகி ஷார்ஜா போனாள். வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவாள். கல்யாண வீடுகளில் தொழுகை நேரம் வந்தால் என்னைத் தேடிப் பிடித்து, முழங்கையை நீட்டி, "நனைஞ்சிருக்கா பாருடி" என்பாள். நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன். "சொல்ல மாட்டா! ஆனா நனையலேன்னா மட்டும் கட்டாயம் சொல்லிடுவா, பொய் சொல்லத் தெரியாதவ" என்று சுற்றியிருப்பவர்களிடம் என்னை அறிமுகம் செய்து சிரிப்பாள். அவள் சிரிக்கும்போதெல்லாம் நான் தட்டில் இருந்த பிரியாணியைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

போன மாதம் மதரஸாவின் ஆண்டு விழாவுக்கு இருவரும் போயிருந்தோம். பழைய கட்டடம் இல்லை. சிமெண்டுத் தொட்டி இருந்த இடத்தில் வெள்ளை டைல்ஸ் பதித்து, கையை நீட்டினால் தண்ணீர் விழுந்து, எடுத்தால் தானே நின்றுவிடும் குழாய்களை வெளிநாட்டிலிருப்பவர்கள் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். மேற்கு ஜன்னலை அடைத்துவிட்டார்கள். அந்த மூலையில் 'மாணவியர் ஆலோசனை அறை' என்று பலகை தொங்குகிறது. உள்ளே மேசை, எதிரெதிரே இரண்டு நாற்காலி, ஒரு மின்விசிறி. ஒரு சின்னப் பெண் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். இந்த வயதிலும் எனக்கு அவள்மேல் ஒரு கணம் எரிச்சல் வந்தது.

அஸர் நேரம். ரஹ்மத் என் பக்கத்துக் குழாயில் உட்கார்ந்தாள். மூன்று முறை கழுவினாள். தண்ணீர் தானாகவே நின்றுவிட்ட பிறகும் அந்தக் குழாயைப் பார்த்து "போதும்" என்றாள். எழுந்தாள். என் பக்கம் கையை நீட்டவில்லை, எதுவும் கேட்கவில்லை. ஆலிமாக்கா சொன்ன நாள் இதுதான்.

"ரஹ்மத், நில்லுடி" என்றேன். "அன்னிக்கு உன் முழங்கை நனைஞ்சுதான் இருந்துச்சு. சொட்டிக்கிட்டு இருந்துச்சு. நான் பொய் சொன்னேன்."

எந்த அன்றைக்கு என்று அவள் கேட்கவில்லை. "ஏன்?" என்றாள்.

"உன்னத்தான் பாய்க்குக் கூப்பிட்டாங்க. என்னய கூப்பிடல." நாற்பதைத் தாண்டியவள் வாயில் அந்தச் சொற்கள் எவ்வளவு அற்பமாக இருந்தன என்று சொல்லி மாளாது.

அவள் டைல்ஸ் திண்டில் மெதுவாக உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். "அப்ப அந்த ஒம்பது நாளும் கூடிடுச்சா?" என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை.

"பத்தாம் நாளு நனையலேன்னா, அதுக்கு முந்தின நாளும் அப்படித்தான இருந்திருக்கும்? நா பாக்காம எழுந்து போனதுதான். அந்த ஒம்பது நாளு அஸரும் கூடலன்னு, ஒவ்வொரு நோம்பு மாசமும் களா தொழுவேன்" என்றாள். களா என்றால் தவறிப்போன தொழுகையைப் பின்னால் நிறைவேற்றுவது. ஒருமுறை தொழுதால் தீர்ந்துவிடும். "தொழுது முடிச்சதும் இதாவது சரியா வந்துச்சான்னு தெரியாது. அடுத்த வருஷமும் தொழுவேன். எங்க வூட்டுக்காரருக்குக்கூடத் தெரியாதுடி."

அவள் தைரியமாக எழுந்து நடந்த நாட்கள் அந்த ஒன்பதும்தான். கேட்பதைத்தான் அவள் விட்டிருந்தாள், சந்தேகத்தை அல்ல.

"கூடிடுச்சுடி," என்றேன். "ஒம்பதும் கூடிடுச்சு. பத்தாவதுகூட கூடியிருக்கும். மாப்பு கேக்கறேன்."

அவள் தன் முழங்கையை ஒருமுறை தடவிப் பார்த்தாள். "தொழுதுட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

நான் இன்னும் ஒளு செய்திருக்கவில்லை. கையை நீட்டினேன், தண்ணீர் விழுந்தது, நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று. எழுந்து இரண்டு அடி வைத்தேன். முழங்கை நனைந்ததா என்று சந்தேகம் வந்தது. கையை நீட்டிக்கொண்டு திரும்பினேன், பக்கத்துக் குழாயில் யாரும் இல்லை.